நீல பம்ப்பை மட்டும் நம்பினால்

ஆஸ்துமா இறப்பு பற்றிய புள்ளிவிவரம் எதை எடுத்தாலும் 5 முதல் 34 வயது என்று ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். இதென்ன விநோதமான கணக்கு என்றுதான் எனக்கும் தோன்றியது. காரணம் இதுதான்: ஐந்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தைக்கு மூச்சு இளைத்தால் அது ஆஸ்துமாவா, சளியோடு வந்த வீசிங்கா என்று டாக்டர்களாலேயே அடித்துச் சொல்ல முடியாது. வயதானவர்களிடம் பீடி, சிகரெட், அடுப்புப் புகையால் வந்த நுரையீரல் நோயும் இருதயக் கோளாறும் ஆஸ்துமா கணக்கில் ஏறிவிடும். நடுவில் இருக்கும் இந்த வயதில்தான், ஆஸ்துமாவால் இறந்தார் என்று சான்றிதழில் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது உண்மையாக இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் இந்த வரம்புக்குள் மூன்று பேர். நான் அதைத் தாண்டி வந்துவிட்டேன். என் அத்தை மகன் பத்தொன்பது வயதில் போய்விட்டான். என் மகளுக்குப் பதினேழு முடிந்து, இப்போது கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறாள். அவளுக்காகத்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, சின்ன வயதிலிருந்து இழுப்போடு வாழ்கிறவள், அவ்வளவுதான். எந்த மருந்து எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

நான் வளர்ந்தது திருப்பூர். தெருவுக்கு நாலு பனியன் கம்பெனி, வீட்டுக்குள் ஜன்னல் கம்பியில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கும். தலையணையை மடியில் போட்டு அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருப்பேன், அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார், அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுவார். டெரிபிலினும் (மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து) டெக்காவும் (ஸ்டீராய்டு) கலந்து ஒரு ஊசி. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகும், வீட்டுக்கு வந்து தூங்குவேன். அடுத்த மாதம் திரும்ப அதே கதை. இடைப்பட்ட நாளில் மருந்து என்று எதுவும் கிடையாது, தூதுவளை ரசம் தவிர. ஒரு மாமா ஜூன் மாதத்தில் ஹைதராபாத்துக்கு ரயிலேறிப் போய் உயிரோடு மீனை விழுங்கிவிட்டும் வந்தார், ஆனால் அவருடைய இழுப்பு நிற்கவில்லை. இழுப்பு வந்தால் நோய், போய்விட்டால் நோயும் போய்விட்டது, இதுதான் அன்றைக்கு எல்லார் மனதிலும் இருந்த கணக்கு. இன்றைக்கும் நிறைய வீடுகளில் இதேதான், ஊசிக்குப் பதிலாக நெபுலைசர் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். “புகை வெச்சுட்டு வந்தோம், சரியாப் போச்சு” என்பார்கள்.

அத்தை மகன் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் வெளியூரில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். என்னளவுக்கு மோசமான ஆஸ்துமா இல்லை அவனுக்கு. கிரிக்கெட் ஆடுவான், சைக்கிளில் அவிநாசி வரை போவான். பேன்ட் பையில் ஒரு நீல பம்ப், மூச்சு முட்டினால் உடனே இழுக்கும் இன்ஹேலர், அதையும் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று பாத்ரூமுக்குப் போய்த்தான் அடிப்பான். மார்கழிக் குளிர், செமஸ்டர் நேரம், சளி பிடித்திருக்கிறது. சாயங்காலத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தானாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேவலை என்று சொல்லியிருக்கிறான், அப்புறம் அந்தக் ‘கொஞ்சம்’ குறைந்துகொண்டே வந்திருக்கிறது. விடியற்காலையில் பேச்சே வராமல் போனபோதுதான் அறை நண்பர்கள் பயந்துபோய் ஆட்டோ பிடித்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. இறப்புச் சான்றிதழில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று போட்டிருந்தது, அதாவது மூச்சும் இருதயமும் நின்றுவிட்டன. சாகிற எல்லாருக்கும் அதுதானே நடக்கிறது? ஆக, எந்தக் கணக்கிலும் அவன் இல்லை. இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுப்பதே சுமார் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் என்று 2020 அரசுக் கணக்கு சொல்கிறது, அந்த ஒரு பங்கிலும் இப்படி எழுதினால் என்ன தெரியும்.

அதனால் கணக்கு ஒழுங்காக இருக்கும் நாடுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் இறப்பு வரைபடத்தில் ஏற்றம் இறக்கம் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பம்ப் இருந்தது.

பம்ப் என்பதே 1956இல் அமெரிக்காவில் வந்ததுதான். அதற்கு முன் கண்ணாடிக் குடுவையும் ரப்பர் பந்தும் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அறுபதுகளில் இங்கிலாந்தில் ஐசோபிரினலின் என்ற மருந்து போட்ட பம்ப் சக்கைப்போடு போட்டது. அதிலேயே ஃபோர்ட்டே என்று ஒன்று, ஒரு அழுத்துக்குச் சாதாரண பம்ப்பைப்போல ஐந்து மடங்கு மருந்து. அதே காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் ஆஸ்துமா இறப்பு ஏழே வருடத்தில் கிட்டத்தட்ட எட்டு மடங்கானது. 1966இல் அந்த வயதில் எந்தக் காரணத்தாலும் இறந்த பிள்ளைகளை எல்லாம் சேர்த்தால், அதில் 7 சதவீதம் ஆஸ்துமா. ஸ்பைசர், டால், ஹீஃப் என்ற மூன்று பேர் 1968இல் இதை எழுதினார்கள். சிகரெட்டால் புற்றுநோய் வருகிறது என்று நிரூபித்த அதே ரிச்சர்ட் டால்தான். நோய் திடீரென்று கூடிவிட்டதா, சான்றிதழ் எழுதும் முறை மாறியதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் சிகிச்சையின் மேல்தான் சந்தேகத்தை நிறுத்தினார்கள். 1967இலேயே டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, அடுத்த வருடம் மருந்துச் சீட்டு இல்லாமல் பம்ப் விற்கக் கூடாது என்றார்கள். இறப்பு மளமளவென்று இறங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த ஐந்து மடங்கு பம்ப் விற்பனைக்கே வரவில்லை, இறப்பு அலையும் அங்கே வரவில்லை.

பாடம் படித்தாகிவிட்டது என்று நினைப்போம் இல்லையா? நியூசிலாந்தில் 1976இல் ஃபெனோடெரால் என்று இன்னொரு பம்ப் வந்தது. அதே வருடத்திலிருந்து அங்கே 5–34 வயதினரின் இறப்பு ஏறத் தொடங்கி, 1979 வாக்கில் லட்சத்துக்கு 4 பேரைத் தொட்டது. உலகத்திலேயே அதுதான் அதிகம். பல வருடம் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. வெலிங்டனில் ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி முதலானோர் இறந்தவர்களின் மருத்துவக் கோப்புகளை எடுத்து, அதே போன்ற ஆஸ்துமாவோடு பிழைத்திருந்தவர்களின் கோப்புகளோடு வைத்துப் பார்த்து, இறந்தவர்களிடம்தான் ஃபெனோடெரால் அதிகம் என்று 1989இல் லேன்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அது வருவதற்கு முன்னும் பின்னும் பெரிய சண்டை. நோய் முற்றியவர்களுக்குத்தான் அந்த பம்ப் எழுதினோம், அதனால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று எதிர்வாதம். இது தட்டிக்கழிக்கும் பதில் இல்லை, நியாயமான கேள்விதான், அவர்களும் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 1990இல் அந்த நாட்டில் ஃபெனோடெராலுக்குக் கட்டுப்பாடு வந்தது, இறப்பு பாதியாகக் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு நீல பம்ப் விஷம் என்று யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது அதைவிட ஆபத்து. நம் கையில் இருக்கும் நீல பம்ப்பின் மருந்தான சல்பியூட்டமால், அந்த இரண்டையும்விட இருதயத்துக்குப் பாதுகாப்பானது. சிக்கல் வேறு இடத்தில். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது, அது ஒரு பாதி. உள்சுவர் வீங்கி, கெட்டியான சளி அடைக்கிறது, அது இன்னொரு பாதி. நீல பம்ப் தசையை மட்டும்தான் தளர்த்தும், வீக்கத்தைத் தொடவே தொடாது. ஈரம் இறங்குகிற சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி. மூச்சு லேசானதும் வீக்கமும் குறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அது உள்ளே ஏறிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் எத்தனை அடித்தாலும் மருந்து உள்ளே போகவே வழியில்லை. அத்தை மகனுக்கு நடந்தது அதுதான் என்று இப்போது புரிகிறது.

வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு போட்ட தடுப்பு பம்ப். அது எழுபதுகளிலேயே வந்துவிட்டது, பரவத்தான் நாளானது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 5 முதல் 44 வயதுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வந்தது. முந்தைய வருடத்தில் வாங்கிய தடுப்பு பம்ப் ஒவ்வொன்று கூடக்கூட இறப்பு 21 சதவீதம் குறைவு. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு வரி: தடுப்பு பம்ப்பை நிறுத்தியவர்களுக்கு, நிறுத்திய முதல் மூன்று மாதத்தில் ஆபத்து கூடுகிறது. விடுதிக்குப் போகிற பிள்ளைகள் செய்வது சரியாக இதைத்தான். வீட்டில் அம்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பம்ப், அங்கே பெட்டிக்கு அடியில் போய்விடும், “நல்லாத்தானே இருக்கேன்” என்று.

46 நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. 5–34 வயதில் இறப்பு 1993இல் லட்சத்துக்கு 0.44, 2006இல் 0.19. பாதிக்கும் கீழே. ஆனால் அதற்குப் பிறகு 2012 வரை கோடு அப்படியே படுத்துக் கிடக்கிறது, மேலும் இறங்கவில்லை. மிச்சம் இருக்கிற அந்த 0.19இல் யார்தான் இறக்கிறார்கள்? பிரிட்டனில் 195 ஆஸ்துமா இறப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்து 2014இல் ஓர் அறிக்கை போட்டார்கள், அதில் 28 பேர் இருபது வயதுக்குக் கீழே. 45 சதவீதம் பேர் மருத்துவ உதவி தேடாமலோ, உதவி வந்து சேர்வதற்குள்ளோ இறந்திருக்கிறார்கள். பத்தில் ஒருவர் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பி 28 நாளுக்குள் இறந்திருக்கிறார். நீலம் போன்ற நிவாரண பம்ப் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஒரே வருடத்தில் 12க்கு மேல் எழுதியிருந்தார்கள். எல்லாரும் முற்றிய நோயாளிகளும் இல்லை, பாதிக்கு மேல் லேசானது, நடுத்தரம் என்று டாக்டர் குறித்து வைத்திருந்தவர்கள். லேசான ஆஸ்துமா என்பது நேற்றுவரை லேசாக இருந்தது என்பதுதான், நாளைக்கு உத்தரவாதம் இல்லை.

2019இல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி, 12 வயதுக்கு மேல் யாருக்கும் நீல பம்ப்பை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று மாற்றிக்கொண்டது. அறுபதுகளில் மணி அடித்தும் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது! நம் ஊர் நிலைமையோ, உலக ஆஸ்துமாக்காரர்களில் இந்தியாவில் இருப்பவர்கள் சுமார் 13 சதவீதம், ஆஸ்துமா இறப்பில் நம் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் என்று 2019 உலக நோய்ச்சுமை மதிப்பீடு சொல்கிறது.

இனி வீட்டில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது.

முதல் வேலை, எண்ணுவது. நீல பம்ப் ஒன்றில் 200 அழுத்து. வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே தீவிரத் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது, பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்கிறார்கள். சில பம்ப்பில் எண் காட்டும், சிலவற்றில் காட்டாது. காட்டாததில் பிரித்த தேதியை மார்க்கரில் எழுதி வைக்கிறோம். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா பார்க்கும் பழக்கம் எங்கள் தெருவில் உண்டு, அதை நம்பாதீர்கள், மருந்து தீர்ந்தும் வாயு மட்டும் மிச்சம் இருக்கும், அடித்தால் புஸ்ஸென்று சத்தமும் வரும். வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல் நீலத்தைத் தேடினால், அல்லது ராத்திரி இருமி எழுந்தால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும். விலையும் ஒரு காரணம், தெரியும். தடுப்பு பம்ப் நீலத்தைவிட ரெண்டு மூன்று மடங்கு ஆகும், அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் நீலம் மட்டும் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு பயம். “பழகிடும்”, “குண்டாயிடுவா”, “வளர மாட்டா”. வளர்த்தி விஷயத்தில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்: சிறு வயதில் தினமும் புடசோனைட் என்ற ஸ்டீராய்டை இழுத்த பிள்ளைகள் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தார்கள் என்று 2012இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, “ஒரு விரல் அகலம்கூட இல்லையே, அதுக்கா இத்தனை பேச்சு” என்றார். பம்ப்பில் போவது மைக்ரோகிராம் கணக்கு. எங்களுக்கெல்லாம் மாதாமாதம் ஊசியில் ஏற்றியது மில்லிகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராம் என்றால் ஆயிரம் மைக்ரோகிராம். பம்ப்பில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் கட்டுக்கதை. இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

இழுக்கும் முறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடைக்காரர் பம்ப்பைக் கவரில் போட்டுக் கொடுப்பதோடு சரி. ஸ்பேஸர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) இல்லாமல் வாயில் வைத்து அமுக்கினால் பாதி மருந்துக்கு மேல் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஸ்பேஸரை உதட்டால் கவ்வி, ஒரு அழுத்து, நிதானமாக ஒரே இழுவையில் உள்ளே, பிறகு பத்து எண்ணும் வரை பிடித்து வைப்பது. விசில் மாதிரி சத்தம் வந்தால் வேகமாக இழுக்கிறோம் என்று அர்த்தம். பல ஸ்பேஸர்களில் அதற்காகவே ஊதல் வைத்திருக்கிறார்கள், மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேண்டுமென்றே ஊதி விளையாடுவாள். கழுவும்போது சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தானாகக் காயவிட வேண்டும், துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேஸர் வாங்க முடியாத வீடுகளுக்கு ஒரு செய்தி: கேப் டவுனில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவர் 1999இலேயே, 500 மில்லி கூல்டிரிங்ஸ் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் அளவுக்குத் துளை போட்டு, காற்று போகாமல் ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கடை ஸ்பேஸருக்குச் சமமாக வேலை செய்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகான நாட்கள் தனி. அந்த 28 நாள் கணக்கைப் படித்ததிலிருந்து, நெபுலைசர் வைத்துவிட்டு வந்தாலும் ரெண்டு நாளில் திரும்பப் போய்க் காட்டுகிறோம், கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை நடுவில் நிறுத்துவதில்லை. போகி, தீபாவளி, மார்கழி இந்த மூன்று சமயமும் மகள் ஒரு வேளைகூடத் தடுப்பு பம்ப்பை விட மாட்டாள்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “பம்ப்பை வெளிய எடுக்காதே, நாளைக்குச் சம்பந்தம் பேச வருவாங்க” என்று சொந்தத்தில் ஒரு பெரியம்மா சொன்னார். பாத்ரூமுக்குப் போய் பம்ப் அடித்த பையனின் கதை அவருக்கும் தெரியும், இருந்தும் சொன்னார். மகள் வகுப்பிலேயே எல்லார் எதிரிலும் எடுத்து அடிக்கிறாள்.

விடுதி வார்டனிடமும் அறைத்தோழிகள் இருவரிடமும் பேசியாகிவிட்டது. வார்டன் அம்மா, “மருந்தெல்லாம் ஆபீஸ் பீரோவில் வைப்பதுதான் வழக்கம்” என்றார். பம்ப்புக்கு அது சரிப்படாது, ராத்திரி சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார். தோழிகளுக்கு ஸ்பேஸரைக் கையில் கொடுத்து ஒரு தடவை செய்யச் சொன்னேன். அதில் ஒரு பெண், “ஆன்ட்டி, ஓவர்டோஸ் ஆயிடாதா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. உதவிக்கு ஆள் சொல்லிவிட்டு அடித்தால் பயமில்லை, உதவிக்குப் பதிலாக அடித்துக்கொண்டிருப்பதுதான் ஆளைக் கொல்கிறது என்றேன். “அப்ப வாட்ஸ்ஆப்ல போட்டுடுங்க” என்றாள். டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு அனுப்பியது இது, வேண்டுமானால் உங்கள் டாக்டரிடமும் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்:

“மூச்சு திணறினால் நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். காலேஜ் பையின் முன் ஜிப்பில் நீல பம்ப், ஸ்பேஸர். குலுக்கி, ஒரு அழுத்து, ஸ்பேஸரில் நான்கு மூச்சு. இப்படி நான்கு தடவை. நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் 108ஐக் கூப்பிட்டு ‘ஆஸ்துமா, மூச்சு விட முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை அதையே திரும்பச் செய்யுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ, சொக்கிப்போனாலோ நான்கு நிமிடம் காத்திருக்காமல் முதலிலேயே 108. விசில் சத்தம் திடீரென்று நின்று ஆள் இன்னும் திணறினால் அது சரியாகிவிட்டது இல்லை, மோசமாகிவிட்டது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். 108 வர நேரமாகும் என்றால் கார், வழியிலும் பம்ப். பாத்ரூமில் இருந்தால் கதவைத் தட்டுங்கள். அப்புறம் எனக்கு போன், எந்நேரமானாலும்.”